இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே: பெண்களின் அச்சத்துக்கு டொராண்டோ காது கொடுத்த கதை

கனடாவின் டொராண்டோ நகரப் பஸ்களில் 1991-இல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. இரவு 9 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில் தனியாகப் பயணம் செய்யும் பெண், நிறுத்தமே இல்லாத இடத்தில்கூட, தன் வீட்டுக்கு அருகில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கலாம். இறங்கவேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும். அங்கே வண்டியை நிறுத்துவதில் ஆபத்து இல்லை என்று தெரிந்தால் அவர் நிறுத்துவார். இறங்குவது முன்வாசல் வழியாக மட்டும்; பின்கதவு திறக்காது.

பின்கதவு ஏன் திறக்காது? அவளுக்குப் பின்னாலேயே இன்னொருவர் இறங்கித் தொடர்ந்து வந்துவிடக் கூடாது என்பதற்காக. அலுவலகத்தில் உட்கார்ந்து கால அட்டவணை போடுகிறவருக்கு இது தானாகத் தோன்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் தனக்குப் பின்னால் இன்னொரு காலடி தரையில் படுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்த பெண்களுக்குத்தான் அந்தக் கதவின் முக்கியத்துவம் தெரியும்.

இந்த விதி எப்படி வந்தது, எதைச் சாதித்தது, எங்கே நின்றுபோனது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வு. ஒரே தெருவில் நடந்தாலும் ஆணும் பெண்ணும் அதை ஒன்றுபோல உணர்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ளாத நகர நிர்வாகம் இன்று அநேகமாக இல்லை. ஆனால் அந்த உணர்வை நம்பத்தகுந்த தகவலாக எடுத்துக்கொண்டு, அதை ஒரு நிர்வாக விதியாக மாற்றிய இடங்கள் குறைவு. டொராண்டோவும் அதை அரைகுறையாகத்தான் செய்தது. அந்த அரைகுறையிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அச்சத்தின் கணக்கு

உலகில் கொலையாகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். தெருச் சண்டையில் அடிபடுகிறவர்களிலும் ஆண்களே அதிகம். ஆனாலும், "இருட்டிய பிறகு உங்கள் பகுதியில் தனியாக நடந்துபோகும்போது பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் 'இல்லை' என்று சொல்கிறவர்களில் பெண்களே அதிகம். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு குறியீடு உண்டு. அதன் எண் 16.1.4.

குற்றவியல் அறிஞர்கள் நெடுங்காலம் இதை ஒரு முரணாகவே பார்த்தார்கள். ஆபத்து ஆணுக்கு அதிகம், அச்சம் மட்டும் பெண்ணுக்கு அதிகம். அப்படியானால் பெண்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள் என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். 1980-களில் மார்க் வார், 1996-இல் கென்னத் ஃபெராரோ ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். பெண்ணின் மற்ற எல்லா அச்சங்களின் மேலும் பாலியல் வன்முறையின் நிழல் விழுகிறது என்பது அது. பணப்பையைப் பறிக்க வருகிறவன் ஆணிடம் பணப்பையோடு போய்விடலாம். பெண்ணுக்கு அந்தச் சந்திப்பு எங்கே போய் முடியும் என்ற நிச்சயம் கிடையாது.

இன்னொரு விளக்கம் கனடாவிலிருந்தே வந்தது. அந்நாட்டுப் புள்ளியியல் துறை 1993-இல் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி 12,300 பெண்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ராஸ் மக்மில்லனும் இரண்டு சக ஆய்வாளர்களும் அந்தத் தரவுகளை எடுத்து அலசி 2000-இல் வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் முன்பின் தெரியாத ஆண்களின் சீண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள். தெரிந்தவர்களின் சீண்டலைவிட இந்த முன்பின் தெரியாதவர்களின் சீண்டல்தான் பொது இடத்தில் பெண்ணின் பாதுகாப்பு உணர்வை அதிகமாகக் குலைக்கிறது என்பது அவர்களின் முடிவு. 2018-இல் அதே துறை நடத்திய கணக்கெடுப்பில், முந்தைய 12 மாதங்களுக்குள் பொது இடத்தில் வேண்டாத பாலியல் நடத்தையை எதிர்கொண்டதாகப் பெண்களில் 32 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆண்களில் 13 சதவீதம் பேர்.

என் பார்வையில் முரண் இங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. குற்றப் புள்ளிவிவரம் முடிந்துபோனவற்றை எண்ணுகிறது. பின்னால் ஒருவன் வருகிறான், வண்டியின் வேகத்தைக் குறைக்கிறான், ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். அவள் வீட்டை அடைந்து கதவைத் தாழிட்டுவிட்டால் அன்றைய கணக்கில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடந்துகொண்டிருந்த அந்த நிமிடங்களில் முடிவு அவளுக்குத் தெரியாது. பெரிய கொடுமைகளும் இதே போல, ஒரு காலடிச் சத்தத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. தொடக்கங்களை வைத்து முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவளைப் பார்த்து, முடிவுகளின் பட்டியலைக் காட்டி "இவ்வளவு பயம் எதற்கு?" என்று கேட்பது நியாயமே இல்லை.

எச்சரிக்காமல் விட்ட ஊர்

டொராண்டோவில் 1980-களின் தொடக்கத்தில் பெண்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். நகரம் கொந்தளித்தது. 1982-இல் பெருநகர நிர்வாகம் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதன் வழியாக 1984-இல் பிறந்த அமைப்புதான் மெட்ராக். பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறைக்கு எதிரான இந்தப் பெருநகர நடவடிக்கைக் குழு இந்த ஆய்வில் அடிக்கடி வரும்.

இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது தெருவில் நடந்ததல்ல, வீட்டுக்குள் நடந்தது. ஆனால் பெண்ணின் அச்சத்தை அதிகாரம் எப்படிப் பார்த்தது என்பதை அதுபோல அப்பட்டமாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

1986-இல் சர்ச்-வெல்லஸ்லி பகுதியில் இரண்டாம், மூன்றாம் மாடி வீடுகளுக்குள் பால்கனி வழியாக ஏறி நுழைந்து ஒருவன் பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரே வட்டாரத்தில், ஒரே மாதிரி. போலீசுக்கு இந்த ஒற்றுமை தெரிந்திருந்தது. அந்தப் பகுதிப் பெண்களை அவர்கள் எச்சரிக்கவில்லை. எச்சரித்தால் பெண்கள் பதறிக் கூச்சல் போடுவார்கள், ஆள் தப்பிவிடுவான் என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஐந்தாவதாகத் தாக்கப்பட்ட பெண், நீதிமன்ற ஆவணங்களில் ஜேன் டோ என்ற மாற்றுப்பெயரில் இருக்கிறார். பகுதி முழுவதும் எச்சரிக்கைச் சுவரொட்டி ஒட்டியது அவரும் அவரோடு நின்ற பெண்களும்தான். அதைத் தொடர்ந்து வந்த துப்பில் அவன் பிடிபட்டான்.

ஜேன் டோ போலீசின் மீது வழக்குத் தொடுத்தார். 1998-இல் நீதிபதி ஜீன் மக்ஃபார்லண்ட் தீர்ப்பளித்தார். எச்சரிக்காமல் விட்டது கவனக்குறைவு, அது அந்தப் பெண்ணின் உயிர்ப் பாதுகாப்புக்கும் சமத்துவத்துக்கும் அரசமைப்பு தந்த உரிமைகளை மீறியது என்றார். இழப்பீடு ஏறத்தாழ 2,20,000 கனடிய டாலர். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின இதைச் சட்டம் சொல்ல. பெண்களின் பதற்றத்தைக் கண்டு அஞ்சியவர்கள் அந்தப் பெண்களையே தூண்டில் புழுவாக விட்டுவைத்தார்கள் என்பதுதான் இதன் பச்சையான பொருள்.

ஜேன் டோ தாக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, 1987 மே மாதத்தில், நகரின் கிழக்கே ஸ்கார்பரோவில் இன்னொரு தொடர் ஆரம்பித்தது. இரவில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துபோன இளம்பெண்களைப் பின்தொடர்ந்து ஒருவன் தாக்கினான். 1990 வரை இது நீண்டது. 1990 நவம்பரில் அவனிடமிருந்தே மரபணு மாதிரி எடுக்கப்பட்டும், அதன் முடிவு 1993-இல்தான் கைக்கு வந்தது. அந்த இடைவெளியில் அவன் கொலையும் செய்திருந்தான். விசாரணை எங்கெங்கே தவறியது என்று நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் 1996-இல் தனி அறிக்கை அளித்தார். அவன் பெயர் உலகறிந்தது. இங்கே அதற்கு இடம் தர எனக்கு மனமில்லை.

நமக்கு வேண்டியது அந்த இடம்: பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே உள்ள தூரம். பஸ்ஸுக்குள் விளக்கும் ஓட்டுநரும் சக பயணிகளும் உண்டு. வீட்டில் கதவு உண்டு. இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து நிர்வாகத்தின் பொறுப்பும் முடிந்துவிடுகிறது, வீட்டின் காவலும் தொடங்குவதில்லை.

இருட்டில் நடந்து பார்த்தவர்கள்

மெட்ராக் செய்த காரியம் எளிமையானது. பயப்படுகிறவர்களையே நிபுணர்களாக எடுத்துக்கொண்டது. பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, இருட்டிய பிறகு ஓர் இடத்தில் நடந்துபோய், கண்ணில் படுவதையும் மனதில் படுவதையும் கையில் உள்ள கேள்விப் பட்டியலில் குறித்துக்கொண்டு வருவது. இதற்குப் பாதுகாப்புத் தணிக்கை என்று பெயர். இதற்கான கையேட்டை மெட்ராக் 1989-இல் வெளியிட்டது.

கேள்விகள் மிகவும் நேரானவை. எதிரே வருகிறவர் முகம் தெரிகிறதா? திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று திரும்புவதற்கு முன்பே தெரியுமா? ஒருவர் மறைந்து நிற்க இடம் இருக்கிறதா? கத்தினால் யார் காதிலாவது விழுமா? வழியை மாற்றிக்கொள்ள முடியுமா, அல்லது சுரங்கப்பாதை, படிக்கட்டு, நடைபாலம் என்று ஒரே வழியாகத்தான் போயாக வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒரு பெண் அடுத்து எங்கே போவாள் என்று இன்னொருவர் முன்கூட்டியே கணிக்கக்கூடிய இடமெல்லாம் காத்திருந்து தாக்க வசதியான இடம்.

இந்தக் கேள்விகளோடு ஓர் இரவு பஸ் நிறுத்தத்தைப் பாருங்கள். தெருவிளக்கு இருக்கிறது, ஆனால் அதன் முகம் சாலையைப் பார்த்து இருக்கிறது; கார் ஓட்டுகிறவருக்கு வெளிச்சம், நடைபாதைக்கு மிச்சம். குளிர்காலத்தில் மொட்டையாக நின்ற மரம் கோடையில் இலை விட்டு அந்த மிச்சத்தையும் மறைத்துவிடுகிறது. நிழற்குடையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் விளம்பரம். அந்தப் பக்கமிருந்து வருகிறவரை அவர் குடைக்குள் காலெடுத்து வைக்கும்போதுதான் பார்க்க முடியும். "வெளிச்சம் போதவில்லை" என்று புகார் கொடுத்தால் குடைக்குள் பளிச்சென்று விளக்குப் போட்டுவிடுகிறார்கள். இப்போது கண்ணாடிக்குள் நிற்கும் பெண்ணைத் தெருவே பார்க்கிறது. கண்ணாடியில் அவளுக்குத் தெரிவது அவள் முகம்தான். விளக்கு எண்ணிக்கையை வைத்துப் பாதுகாப்பை அளக்கிற பொறியாளர் இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பார். அங்கே நின்று பார்த்தவள் கொடுக்க மாட்டாள்.

அவள் கண் எங்கே போகிறது என்பதற்கு அண்மைக் காலத்தில் நல்ல சான்று கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கல்லூரி வளாகப் பாதைகளின் படங்களை சுமார் 570 பேரிடம் காட்டி, அந்த வழியே நடந்துபோவதாக நினைத்துக்கொண்டு கண் போகும் இடங்களில் சொடுக்கச் சொன்னார்கள். ஆண்கள் பெரும்பாலும் பாதையையோ நேரே தெரிந்த விளக்கு போன்ற பொருளையோ சொடுக்கினார்கள். பெண்களின் சொடுக்குகள் பாதையின் இரு ஓரங்களிலும் பரவிக் கிடந்தன: புதர், இருண்ட மூலை, சுவரின் ஓரம். மெட்ராக் கையேடு 1989-இல் கேட்கச் சொன்ன இடங்களும் இவையேதான்.

விதி பிறந்தது

1989-இல் மெட்ராக், டொராண்டோ போக்குவரத்து ஆணையம், பெருநகரப் போலீஸ் மூன்றும் சேர்ந்து, பெண்களுக்குப் போக்குவரத்தைப் பாதுகாப்பாக்குவது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்தக் கூட்டு முயற்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள் பல வந்தன. சுரங்க ரயில் நடைமேடைகளில் ஒரு பகுதி 'குறிக்கப்பட்ட காத்திருப்பு இடம்' ஆனது. அங்கே கூடுதல் வெளிச்சம், கேமரா, நிலைய ஊழியரோடு பேச ஒரு கருவி. ரயிலின் காவலர், அதாவது கதவுகளைத் திறந்து மூடும் கார்டு, இருக்கும் பெட்டி அந்த இடத்துக்கு நேராக வந்து நிற்கும். பஸ்களுக்கு வந்தது, மேலே சொன்ன இடைநிறுத்த விதி.

இந்த விதியை நான் உயர்வாக மதிக்கிறேன். அது ஆதாரம் கேட்கவில்லை. "யாராவது உங்களைத் தொடர்ந்தாரா? புகார் எண் என்ன?" என்று விசாரிக்காமல், அவள் இறங்க வேண்டும் என்று சொன்னாலே போதும் என்றது. தனியாக நடக்கும் தூரத்தைக் குறைத்தது. எந்த நிறுத்தத்தில் இறங்குவாள் என்று தெரிந்து அங்கே காத்திருப்பவனின் கணக்கைக் குலைத்தது. இத்தனைக்கும் புதிய கட்டடமோ கருவியோ தேவைப்படவில்லை, ஓட்டுநரின் பிரேக் போதுமானதாக இருந்தது.

அதைவிட, சுமையை இடம் மாற்றியது. பொது இடத்தில் பத்திரமாக இருப்பதற்காகப் பெண்கள் ஓயாமல் செய்யும் வேலைக்கு ஆய்வாளர்கள் 'பாதுகாப்பு உழைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஃபியோனா வேரா-கிரே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சுற்றுவழியில் போவது, போனில் பேசுவதாக நடிப்பது, சாவியை விரலிடுக்கில் செருகிக்கொள்வது, உட்காரும் இருக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, கிளம்பும்போதே திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்வது. இந்த உழைப்பு வெற்றி பெற்றால் அன்று எதுவும் நடக்காது, ஆகவே அது யார் கண்ணுக்கும் தெரியாது. தோற்றால் மட்டும், "ஏன் அந்த நேரத்தில் போனாய்?" என்ற கேள்வி வருகிறது. பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பகுதி இந்த உழைப்பைக் கூட்டச் சொல்வதுதான். டொராண்டோ விதி அதில் ஒரு சிறு பங்கை எடுத்துச் சம்பளம் வாங்கும் ஓர் ஊழியரின் கடமையில் சேர்த்தது.

எங்கே நின்றுபோனது

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த வசதியைப் பயன்படுத்த ஒரு பெண் பஸ்ஸின் முன்பக்கம் வந்து, தான் எங்கே இறங்கப்போகிறாள் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறாளோ, அவன் முன்னிருக்கையில் இருந்தால் அவன் காதிலும் அது விழும். ஓட்டுநர் சலித்துக்கொண்டால் அடுத்த முறை கேட்க நாக்கு எழாது. விதி தாளில் இருப்பதற்கும், கூச்சமில்லாமல் கேட்கும் சூழல் பஸ்ஸுக்குள் இருப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை ஓட்டுநர் பயிற்சிதான் குறைக்க முடியும்.

குறிக்கப்பட்ட காத்திருப்பு இடத்துக்கு வேறொரு சிக்கல். நடைமேடையின் ஒரு பகுதியைப் பாதுகாப்பானது என்று எழுதிவைத்தால் மீதிப் பகுதி என்ன என்ற கேள்வி எழுகிறது. அங்கே நிற்காத பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் பழி அவள் தலையில் விழவும் வழி பிறக்கிறது. பெண்களுக்கென்று தனியிடம் ஒதுக்கும் எல்லாத் திட்டங்களிலும் இந்த ஆபத்து ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

'பெண்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடைத்துவிட்டதும் ஒரு குறைதான். கேமராவும் போலீஸ் ரோந்தும் ஒருத்திக்கு ஆறுதல். டொராண்டோவின் கறுப்பினத்தவருக்கும் பூர்வகுடியினருக்கும் அதே ரோந்து தடுத்து நிறுத்தி விவரம் கேட்கும் அச்சுறுத்தலாகவும் இருந்திருக்கிறது. இப்படித் தெருவில் ஆட்களை நிறுத்திக் குறிப்பெடுக்கும் பழக்கத்தை ஒன்டாரியோ மாகாணம் 2017 முதல் விதிகள் போட்டுக் கட்டுப்படுத்தியது. சக்கர நாற்காலியில் போகும் பெண்ணுக்கு, மாற்றுப்பாலினப் பெண்ணுக்கு, நள்ளிரவு வேலை முடிந்து திரும்பும் துப்புரவுப் பணியாளருக்கு அச்சத்தின் வரைபடம் வேறு வேறாக இருக்கிறது.

ஆண்களின் கதையும் இதில் உண்டு. அஞ்சுவதாகச் சொன்னால் ஆண்மைக்கு இழுக்கு என்று வளர்க்கப்பட்டவர்கள் கணக்கெடுப்பில் உண்மையைச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஆண், பெண் பதில்களுக்கு நடுவே தெரியும் இடைவெளியில் ஒரு பங்கு ஆண்களின் மௌனமாக இருக்கும். இரவில் தனியாக, தடுமாற்றத்தோடு வீடு திரும்பும் முதியவருக்கும் இடைநிறுத்தம் தேவைப்படும். 2011-இல் டொராண்டோ இந்த வசதியை எல்லாப் பயணிகளுக்கும் திறந்துவிட்டது. பெண்களின் அனுபவத்திலிருந்து எடுத்த விதி எல்லாருக்கும் பயன்பட்டதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் அது யாருடைய நடையிலிருந்து வந்தது என்பது அறிவிப்புப் பலகையிலிருந்து மறைந்துவிடும் அபாயமும் கூடவே வந்தது.

பரவியதும் தேய்ந்ததும்

மான்ட்ரியால் நகரம் 1996-இல் இதே போன்ற இடைநிறுத்தச் சேவையைப் பெண்களுக்குத் தொடங்கியது. பாதுகாப்புத் தணிக்கை அதைவிட வெகுதூரம் பயணம் செய்தது. டெல்லியில் ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பு அதைக் கையிலெடுத்தது. அங்கிருந்து 2013-இல் சேஃப்டிபின் என்ற செயலி வந்தது. வெளிச்சம், திறந்தவெளி, பிறர் பார்வையில் படும் தன்மை, ஆள் நடமாட்டம், நடைபாதை, போக்குவரத்து, அந்த இடத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பது உள்ளிட்ட ஒன்பது கூறுகளை அது மதிப்பிடுகிறது. ஒன்பதில் ஒன்று 'உணர்வு'. அளக்க முடியாதது என்று ஒதுக்கப்பட்ட ஒன்று அளவுகோலிலேயே இடம் பிடித்தது.

அளக்காமல் விட்டால் என்ன விலை என்பதற்கும் டெல்லியிலேயே விடை இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர் கிரிஜா போர்கர் டெல்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவியரின் கல்லூரித் தேர்வுகளையும் பயண வழிகளையும் பொருத்திப் பார்த்தார். பாதுகாப்பான வழி கிடைக்குமென்றால், தரத்தில் மேல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வரும் கல்லூரியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியில் இருக்கும் கல்லூரிக்குப் போகவும் மாணவிகள் தயாராக இருந்தார்கள். எந்தக் காவல் நிலையத்திலும் பதிவாகாத இழப்பு இது. ஒரு பெண்ணின் படிப்பும் வேலையும் வருமானமும் பஸ் தடத்தில் வைத்தே தீர்மானமாகிவிடுகின்றன.

டொராண்டோவுக்குத் திரும்பினால், இடைநிறுத்த விதி அப்படியே இருக்கிறது, ஆனால் அதோடு பிறந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி தேய்ந்திருக்கிறது. சுரங்க ரயிலின் முதல் தடத்தில் 2022 முதல் ஒரே ஓட்டுநரை வைத்து ரயிலை இயக்குகிறார்கள், காவலர் இல்லை. காத்திருப்பு இடத்தை எங்கே குறிப்பது என்று முடிவு செய்தபோது கணக்கில் வைத்ததில் ஒன்று, தலையை நீட்டிப் பார்க்கும் அந்தக் காவலரின் ஜன்னல். விளக்கும் கேமராவும் பலகையும் அங்கேயே இருக்கின்றன, பார்த்துக்கொண்டிருந்த மனிதர் இல்லை. இந்த மாற்றத்துக்குச் சிக்கனம், வேகம் என்று காரணங்கள் உண்டு. ஆனால் 1989-இல் பெண்கள் கேட்டுப் பெற்ற ஒன்றை எடுக்கும்போது, அந்த நடைமேடைகளில் இன்று இரவு நிற்கிற பெண்களை அழைத்து, கையில் பட்டியலைக் கொடுத்து, மறுபடியும் ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கேள்விகள் தயாராகவே இருக்கின்றன. முதல் கேள்வியாக, கத்தினால் இப்போது யார் காதில் விழும் என்று கேட்கலாம்.